‘உங்கள் சமையல்தான் காரணம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்: பூஞ்சணம் பிடித்த வீட்டுக்கு யார் பொறுப்பு?

மூன்றாம்_மாடி | 24 நவம்பர் 2025, இரவு 9.40

வணக்கம். நான் கிழக்கு லண்டனில், ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்குச் சமூக வீடுகளைத் தரும் நிறுவனம்) ஒன்றுக்குச் சொந்தமான தொடர்மாடியில், கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். முறைப்பாடு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளைகளின் அறையில், வெளிச்சுவரும் மேற்கூரையும் சந்திக்கும் மூலையில், நான்கு குளிர்காலங்களாகக் கறுப்புப் பூஞ்சணம் படர்கிறது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். பிறகு பாடசாலைச் சீருடைகளை அதற்குள் வைப்பதையே விட்டுவிட்டோம். துவைத்து மடித்து வைத்த சட்டைகூட இரண்டு நாளில் பழைய சாக்கு மணம் மணக்கிறது. மூத்தவனுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது என்பதை வைத்தியரின் கடிதத்தோடு அவர்களுக்கு ஏற்கெனவே அறிவித்திருக்கிறோம்.

நவம்பர் 3ஆம் திகதி மீண்டும் முறையிட்டேன். 13ஆம் திகதி கட்டடத்தின் நிலையை ஆராயும் சர்வேயர் ஒருவர் வந்து பதினொரு நிமிடம் நின்றார். மூலையைப் படம் பிடித்தார். ஈரக்காற்றை வெளியேற்றும் குளியலறை ஃபேனை இயக்கிப் பார்க்கவில்லை. ஆனால் குசினிக்குள் போய், அடுப்பிலிருந்த இடியப்பத் தட்டுகளைக் காட்டி, இது எவ்வளவு நேரம் அவியும், வாரத்தில் எத்தனை நாள் அவிப்பீர்கள் என்று விசாரித்தார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் தபாலில் வந்தது அறிக்கை அல்ல, ஒரு துண்டுப்பிரசுரம்: பானையை மூடிச் சமையுங்கள், யன்னலைத் திறவுங்கள், துணியை வீட்டுக்குள் உலர்த்தாதீர்கள்.

உண்மையிலேயே எங்கள் சமையல்தான் இதற்குக் காரணமா? இல்லையென்றால், அதை நான் யாரிடம், எப்படி நிறுவ வேண்டும்? அந்த மனிதர் போன பிறகு பத்து நாளாக நான் இடியப்பம் அவிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

செங்கல்_சுண்ணாம்பு | 25 நவம்பர் 2025, காலை 7.15

சகோதரி, கட்டட ஆய்வுத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

சமைத்தால், குளித்தால், மூச்சு விட்டால் காற்றில் ஈரம் சேரும் என்பது உண்மை. அது எல்லா வீட்டிலும் சேர்கிறது. ஆனால் ஈரம் இருப்பதால் மட்டும் பூஞ்சை வருவதில்லை. அந்த ஈரம் போய் அமர்வதற்கு ஒரு குளிர்ந்த இடம் வேண்டும், அது வெளியேறுவதற்கு வழி இல்லாமலும் இருக்க வேண்டும். அறைக் காற்று 20 டிகிரி வெப்பத்திலும் 60 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருந்தால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பில் அது நீர்த்துளியாக மாறும். பூஞ்சைக்கு நீர்த்துளிகூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே அது வேர்பிடித்துவிடும். மேற்சொன்ன அறையில் சுவர் 15 டிகிரியில் இருந்தாலே அந்த நிலை வந்துவிடும். நீங்கள் சொல்லும் மூலை, அதாவது வெளிச்சுவரும் மேல்தளமும் சேரும் இடம், 1960களின் கான்கிரீட் குடியிருப்புகளில் வீட்டிலேயே மிகவும் குளிர்ந்த இடமாக இருப்பது வழக்கம். மேல்வீட்டின் பால்கனித் தளம் அந்த இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருந்தால், வெளிக்குளிரை நேராக உங்கள் கூரைக்குள் கொண்டுவரும் பாலம் அதுதான். பழைய ஜன்னலை எடுத்துவிட்டு, காற்று புகும் சிறு துளைகூட இல்லாத இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இனி ஃபேன். கட்டட விதிகளின் வழிகாட்டியில், குளியலறை ஃபேன் நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்றும், சமையலறையில் அடுப்புக்கு அருகே இருந்தால் 30 லிட்டர், வேறிடத்தில் இருந்தால் 60 லிட்டர் என்றும் அளவு இருக்கிறது. அளவிடும் கருவி உங்களிடம் இருக்காது. ஒரு துண்டு டாய்லெட் காகிதம் போதும். ஃபேனை ஓடவிட்டு, கதவை மூடி, காகிதத்தை அதன் முகத்தில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் ஓரளவு இழுக்கிறது என்று பொருள். விழுந்தால், அது சத்தம் மட்டுமே போடுகிறது.

இடியப்பத்தை நிறுத்த வேண்டாம். ஒரு குடும்பம் தன் வழக்கமான சாப்பாட்டைச் சமைத்ததும் ஒரு வீடு பூஞ்சை பிடிக்கிறதென்றால், அது வீட்டின் குறை.

மிச்சம்_பழையவர் | 25 நவம்பர் 2025, பிற்பகல் 1.05

இந்தச் சமையல் கதையை நான் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். தங்கச்சி, உங்களுக்குச் சொன்ன அதே காரணத்தைத்தான் ராச்டேல் நகரில் ஒரு தகப்பனுக்கும் சொன்னார்கள். சூடானிலிருந்து வந்த குடும்பம். 2017இலேயே அவர் பூஞ்சணத்தைப் பற்றி அறிவித்தார். அதன்மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். 2020 ஜூலையில் சுகாதாரப் பணியாளர் ஒருவரும் எழுதினார். அதற்கிடையில் குடும்பம் வழக்கறிஞரை நாடியிருந்தது. வழக்கு முடிவுக்கு வரும்வரை பழுது பார்ப்பதில்லை என்பது ராச்டேல் பரோவைட் ஹவுசிங் நிறுவனத்தின் நடைமுறையாக இருந்தது. 2020 டிசம்பரில் இரண்டு வயது அவாப் இஷாக் இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததால் ஏற்பட்ட கடுமையான சுவாசப் பாதிப்பே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஜோவான் கியர்ஸ்லி தீர்ப்பளித்தார். அதுவரை அந்த நிறுவனம் அந்தக் குடும்பம் குளிக்கும் முறையைப் பற்றி ஊகம் செய்துகொண்டிருந்தது. வாழ்க்கைமுறையைப் பற்றித் தாங்கள் செய்த ஊகம் தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

நான் இருக்கும் தெற்கு லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில், ஈஸ்ட்ஃபீல்ட்ஸ் குடியிருப்பின் நிலையை, க்வாஜோ ட்வெனிபோவா என்ற இளைஞர் 2021இல் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார். தந்தை நோயோடு போராடி மறைந்த வீட்டின் நிலையைத்தான் அவர் முதலில் காட்டினார். அதற்கு முன் அங்கே யாரும் முறையிடவில்லையா? முறையிட்டோம். லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத்திலும் முறையிட்டார்கள். 2017 ஜூன் 14இல் அங்கே தீப்பற்றி 72 பேர் இறந்தார்கள். முறையிடுகிறவனைத் தொல்லைக்காரன் என்று குறித்துவைக்கும் பழக்கம் பழுதைவிடப் பழையது.

அழைப்பு_மேசை | 25 நவம்பர் 2025, இரவு 8.30

மறுபக்கத்தில் இருந்தவள் ஒருத்தி எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள். ஒரு பெரிய வீட்டு நிறுவனத்தின் பழுதுபார்ப்புத் தொலைபேசி மேசையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அழைப்பு வந்ததும் கணினி எங்களிடம் ஒரு காரணத்தைக் கேட்கும், அதைப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வேண்டும். ‘மழைநீர்க் கசிவு’ என்று தெரிவுசெய்தால் அது வேலைப் பிரிவுக்குப் போகும். ஏணி, சாரம், செலவு எல்லாம் உண்டு. ‘ஆவி படிதல்’ என்று தெரிவுசெய்தால் ஒரு துண்டுப்பிரசுரம் தபாலில் போகும், கோப்பு மூடப்படும். மூடப்பட்ட கோப்பு மாத இறுதிக் கணக்கில் ‘முடிந்த வேலை’. அடுத்த குளிர்காலத்தில் அதே வீட்டிலிருந்து அழைப்பு வரும்போது, திரையில் முதலில் தெரிவது ‘ஏற்கெனவே அறிவுரை வழங்கப்பட்டது’ என்ற வரி. அந்த வரியைப் பார்த்த பிறகு, மறுமுனையில் பேசுகிறவரின் குரலை நாங்கள் எப்படிக் கேட்டிருப்போம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

காசில்லை என்பதும் முழுப் பொய்யல்ல. 2016 முதல் நான்கு ஆண்டுகளுக்குச் சமூக வீடுகளின் வாடகையை ஆண்டுக்கு ஒரு விழுக்காடு குறைக்க வேண்டும் என்று அரசாங்கமே சட்டம் போட்டது. முதலில் வெட்டப்பட்டது எங்கே என்று நான் சொல்லத் தேவையில்லை.

மிச்சம்_பழையவர் | 25 நவம்பர் 2025, இரவு 10.10

தங்கச்சி, உங்களைத் திட்டவில்லை. ஆனால் காசில்லாதவன் ‘எங்களிடம் காசில்லை’ என்று எழுதட்டும். அதை விட்டுவிட்டு ‘நீ அவிக்கிற புட்டுதான் காரணம்’ என்று ஏன் எழுத வேண்டும்? முன்னதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பின்னதைக் கேட்டால் என் மனைவி, விருந்தினர் வந்தாலும் குசினிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

அதோடு அந்த அட்டை. ‘நாங்கள் வந்தோம், நீங்கள் வீட்டில் இல்லை’ என்று கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் அட்டையைத்தான் சொல்கிறேன். வேலையிலிருந்து சம்பளமில்லா விடுப்பு எடுத்து, மணியோசைக்காகத் தொலைக்காட்சியைக்கூட நிறுத்திவிட்டு, காலை எட்டு முதல் கதவுக்கு இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த நாளில் எனக்கு அந்த அட்டை வந்தது. படிக்கட்டில் இறங்கும் காலடிச் சத்தம் கேட்டு ஓடினேன். வண்டி புறப்பட்டுவிட்டது.

சட்டப்படி | 26 நவம்பர் 2025, காலை 11.20

ஆலோசனை நிலையம் ஒன்றில் தொண்டராக இருக்கிறேன். கேட்டவரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும்.

முதலில், ஆவி படிவதற்கும் பழுதுக்கும் உள்ள பழைய சண்டை ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டின் வீட்டுவாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கட்டமைப்பையும், நீர், எரிவாயு, மின்சாரம், வெப்பமூட்டும் அமைப்புகளையும் பழுதுபார்க்கும் கடமையை உரிமையாளர்மேல் சுமத்துகிறது. ஆனால் குவிக் எதிர் டாஃப் எலி கவுன்சில் என்ற வழக்கில், உலோகச் சட்ட யன்னல்களில் ஆவி படிந்து குடித்தனக்காரரின் துணியும் தளபாடமும் உளுத்துப்போயிருந்தும், யன்னல்கள் உடையவில்லை, ஆகவே ‘பழுது’ இல்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. வீடு வாழத் தகுதியற்றதாக இருக்கலாம், ஆனால் பழுதாகவில்லை! இந்த விசித்திரமான ஓட்டையை அடைக்க 2018ஆம் ஆண்டு மனித வாழ்வுக்கேற்ற வீடுகளுக்கான சட்டம் வரவேண்டியிருந்தது. 2020 மார்ச் 20 முதல் பழைய வாடகை ஒப்பந்தங்களுக்கும் அது பொருந்துகிறது. ‘ஆவிதான், பழுதல்ல’ என்ற பதில் இன்று சட்டத்தில் செல்லாது. அலுவலகங்களில் இன்னும் செல்கிறது.

அடுத்து, அவாப் சட்டம் என்று எல்லோரும் சொல்வது. 2023ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாக வந்தது. அதன்கீழான விதிகள் கடந்த அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளன. உயிராபத்து போன்ற அவசர நிலை என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து ஆபத்தை நீக்க வேண்டும். கணிசமான ஈரமும் பூஞ்சணமும் என்றால், அவர்களுக்குத் தெரியவந்ததிலிருந்து 10 வேலைநாளுக்குள் ஆராய வேண்டும். ஆய்வு முடிந்து 3 வேலைநாளுக்குள் எழுத்துமூலச் சுருக்கம் தர வேண்டும். 5 வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். பெரிய வேலையையும் அந்த 5 நாளுக்குள் தொடங்க முயல வேண்டும், முடியாவிட்டால் 12 வாரத்துக்குள். உரிய காலத்தில் பாதுகாப்பாக்க முடியாவிட்டால், மாற்று இடத்தைத் தங்கள் செலவில் தர வேண்டும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 3ஆம் திகதி அறிவித்தீர்கள், 13ஆம் திகதி வந்தார்கள். அது வரைக்கும் சரி. எழுத்துமூலச் சுருக்கம் 18ஆம் திகதிக்குள் வந்திருக்க வேண்டும். துண்டுப்பிரசுரம் சுருக்கம் ஆகாது. எல்லோரும் 24 மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் இந்த 3 நாள் விதிதான் அதிகம் பயன்படும். ஆய்வில் என்ன கண்டார்கள், ஆபத்து உண்டா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்பதை அவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும். ‘சமையல்’ என்று ஒருவர் டேப்லெட்டில் தட்டுவது எளிது, தன் பெயரின் கீழ் அதைக் காரணங்களோடு எழுதி அனுப்புவது அவ்வளவு எளிதல்ல. வாடகைதாரரைக் குறைசொல்லக் கூடாது, இது ‘வாழ்க்கைமுறைத் தெரிவின்’ விளைவல்ல என்று அரசாங்கத்தின் 2023 செப்டம்பர் வழிகாட்டியே கூறுகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, சமூக வீட்டு நிறுவனங்கள்மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரியின் அறிக்கை ‘இது வாழ்க்கைமுறை அல்ல’ என்பதைத் தலைப்பிலேயே வைத்தது.

ஆகவே இன்றே எழுத்தில் முறையிடுங்கள், ‘முறைப்பாடு’ என்ற சொல்லைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். 5 வேலைநாளுக்குள் பெற்றதை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து 10 வேலைநாளுக்குள் முதல் கட்டப் பதிலைத் தர வேண்டும். அது திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டம், அதற்கு 20 வேலைநாள். அதன் பிறகு குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றிப் போகலாம். கூடவே, தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் வீட்டைப் பற்றிய கோப்பு முழுவதையும் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அழைப்பு_மேசை அக்கா சொன்ன அந்த வரியை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். பூஞ்சணத்துக்காகத் தொடங்கிய வழக்கு, நிலுவை வாடகைக்கான வெளியேற்ற வழக்காகத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். கதவைத் தட்டி, ‘காசு வாங்கித் தருகிறோம்’ என்று கையெழுத்துக் கேட்கும் முகவர்களிடமும் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

வடக்குக்_கதவு | 26 நவம்பர் 2025, பிற்பகல் 3.45

நாங்கள் தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கும் இந்த நாள்கணக்கு பொருந்துமா? என் தங்கையின் குடும்பம் கவுன்சில் கொடுத்த தற்காலிக இடத்தில் இருக்கிறது, அவர்களுக்கு?

சட்டப்படி | 26 நவம்பர் 2025, மாலை 5.10

தனியார் வீடுகளுக்கு இன்னும் இல்லை. அதே அக்டோபர் 27இல் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது, நடைமுறைக்கு வர வேண்டும். வாழத் தகுதியான வீடு என்ற 2018 சட்டம் உங்களுக்கு இன்றே பொருந்தும். தங்கையின் நிலை, அந்த இடம் வாடகைக் குத்தகையா, தங்குவதற்கான வெறும் அனுமதியா என்பதைப் பொறுத்தது. தற்காலிக இடங்களில் பெரும்பாலும் அனுமதிதான், அதற்கு அவாப் சட்டம் எட்டாது. யாருடைய நிலை மிக மோசமோ அவர்களைத்தான் விதி விட்டுவைத்திருக்கிறது. ஒப்பந்தத் தாளை ஆலோசனை நிலையம் ஒன்றில் காட்டச் சொல்லுங்கள்.

பத்து_வயதில் | 28 நவம்பர் 2025, இரவு 11.30

நான் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கவுன்சில் வீட்டில் வளர்ந்தவள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் எல்லா அதிகாரிகளிடமும் பேசியது நான்தான். ஒருமுறை வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு, “உன் அம்மாவிடம் சொல், வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் இது வராது” என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். முந்தின நாள் இரவு முழுவதும் முழங்காலில் நின்று ப்ளீச் போட்டுத் தேய்த்தவர் அவர். விரல்களில் தோல் உரிந்திருந்தது. நான், “மறுபடி வருவாராம்” என்று மொழிபெயர்த்தேன். அம்மா அவருக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பாளர் கேட்கும் வழி எங்களுக்கு அப்போது தெரியாது. மூன்றாம்_மாடி அக்கா, உங்களுக்கு ஆங்கிலம் வருகிறது, நல்லது. இதைப் படிப்பவர்களில் வராதவர்கள் இருந்தால், தயவுசெய்து பிள்ளையை வைத்துப் பேசாதீர்கள், நிறுவனத்திடமே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

மூன்றாம்_மாடி | 11 ஜனவரி 2026, மாலை 4.20

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

நவம்பர் 26ஆம் திகதியே முறைப்பாட்டையும் கோப்புக்கான கோரிக்கையையும் அனுப்பினேன். முதல் கட்டப் பதில் டிசம்பர் 15இல் வந்தது: சுருக்கம் அனுப்பத் தவறியதை ஒப்புக்கொண்டு, வேறொரு சர்வேயரை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர் 18ஆம் திகதி வந்து ஒன்றரை மணி நேரம் இருந்தார். வெப்பத்தைக் காட்டும் கமராவில் அந்த மூலை கருநீலமாகத் தெரிந்தது. செங்கல்_சுண்ணாம்பு ஐயா சொன்னது போலவே மேல்வீட்டுப் பால்கனித் தளம் அங்கேதான் இருக்கிறது. குளியலறைக் கூரைத் தட்டைத் திறந்தபோது ஃபேனின் குழாய் கழன்று கிடந்தது. இத்தனை காலமாக அது குளியலறை ஆவியை வெளியே அனுப்பவில்லை, கூரைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் வருவதற்கு முன்பே நானும் காகிதத் துண்டை வைத்துப் பார்த்திருந்தேன்; அது இலை உதிர்வது போல விழுந்தது.

எழுத்துமூலச் சுருக்கம் 23ஆம் திகதி வந்தது. சமையல் என்ற சொல் அதில் இல்லை. 29ஆம் திகதி பூஞ்சணத்தைக் கழுவி, குழாயைப் பொருத்தி, புதிய ஃபேன் போட்டார்கள். சுவருக்கு உட்புறக் காப்புப் போடும் வேலைக்குப் பெப்ரவரி 16ஐக் குறித்திருக்கிறார்கள்.

கோப்பு டிசம்பர் 22ஆம் திகதி மின்னஞ்சலில் வந்தது, 61 பக்கங்கள். முதல் சர்வேயரின் குறிப்பு நான்கு துண்டு வரிகள்: குடும்பம் அதிகமாக ஆவியில் சமைக்கிறது, வாழ்க்கைமுறை, அறிவுரை வழங்கப்பட்டது, மூடப்பட்டது. அதற்கு மேல் எட்டுப் பக்கம் தள்ளி, 2022 பெப்ரவரித் திகதியிட்ட இன்னொரு குறிப்பு இருந்தது. வேறொரு வேலைக்காக வந்த மின்பணியாளர் எழுதியது: குளியலறை ஃபேன் இழுக்கவில்லை, குழாயைப் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே எதுவும் இல்லை. பெயர் தெரியாத அந்த மனிதருக்கு நன்றி சொல்ல எனக்கு வழியில்லை.

‘வாழ்க்கைமுறை’ என்ற வரியை நீக்கும்படி எழுதினேன். ஆய்வாளரின் அன்றைய கருத்து என்பதால் நீக்க முடியாது, ஆனால் பிந்திய ஆய்வு அதை மறுக்கிறது என்ற குறிப்பை அதன் மேலேயே இணைக்கிறோம் என்றார்கள். இணைத்த பக்கத்தின் நகலைக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அது வரும்வரை இரண்டாம் கட்டத்தைத் திறந்தே வைத்திருக்கப் போகிறேன். கணவர் இதை வீண் பிடிவாதம் என்கிறார். அவரிடம் யாரும் இடியப்பத் தட்டைக் காட்டிக் கேள்வி கேட்கவில்லை.

காகிதத் துண்டு இப்போது ஃபேனில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இளையவன் அதை நாளுக்கு இரண்டு முறை சோதித்துப் பார்க்கிறான். 16ஆம் திகதி வேலை நடந்ததா என்பதை வந்து எழுதுகிறேன்.